டிரெய்லர் கவிழ்ந்தால் எத்தனை மணி நேரம் போகும்?

கேள்வி: போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மாதவரம் ரவுண்டானாவுக்கு முன்னால் ஒரு கன்டெய்னர் டிரெய்லர் கவிழ்ந்துவிட்டது. செங்குன்றத்தில் பஸ் ஏறிய நான் பாரிமுனை போய்ச் சேர ரெண்டே கால் மணி நேரம். மேனேஜர், "அந்த ரோட்டுல எப்பவும் டிராஃபிக்தானே, விபத்தாலதான் லேட்டுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்கிறார். இதையெல்லாம் அளக்க முடியுமா சார்?
- ஒரு வாசகி, செங்குன்றம்

பதில்: கோபப்படாதீங்கம்மா, மேனேஜர் கேட்டது நியாயமான கேள்விதான். நீங்கள் வருகிற ஜி.என்.டி. சாலையில் விபத்தே இல்லாத நாளிலும் காலை ஒன்பது மணிக்கு மூலக்கடையில் நின்றுதான் ஆகணும். அதனால் காலி ரோட்டில் ஆகும் நேரத்தோடு ஒப்பிடக் கூடாது. விபத்து நடக்காத நாலைந்து செவ்வாய்க்கிழமைகளில், அதே நேரத்துக்குக் கிளம்பி எவ்வளவு நேரத்தில் போனீர்கள் என்று பாருங்கள். வழக்கமாக ஒன்றரை மணி என்றால் விபத்தின் பங்கு 45 நிமிடம், மீதி அந்த ரோட்டின் தினசரிப் பாவம்.

சரி, இது உங்கள் ஒருவர் கணக்கு. ரோட்டில் மாட்டின எல்லாருக்கும் சேர்த்துப் பார்க்க இன்ஜினியர்கள் ரெண்டு கோடு போடுவார்கள்: நேரம் ஆக ஆக மொத்தம் எத்தனை வண்டி வந்தது என்று ஒன்று, எத்தனை வண்டி அந்த இடத்தைத் தாண்டியது என்று இன்னொன்று. நடுவில் விழும் பரப்புதான் மொத்தத் தாமதம், வண்டி-மணிக் கணக்கில் (ஒரு வண்டி ஒரு மணி நேரம் தாமதமானால் ஒரு வண்டி-மணி).

ஒரு பக்கம் ரெண்டு லேன், மணிக்கு 4,000 வண்டி போகலாம், வருவது 3,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லேன் அடைபட்டால் பாதி மிஞ்சும் என்றுதானே நினைப்போம்? அமெரிக்காவின் ஹைவே கெபாசிட்டி மேனுவல் கணக்குப்படி 35 சதவீதம்தான் மிஞ்சும், அதாவது 1,400. எல்லாரும் ஒரே சந்தில் நெருக்குவதோடு, தாண்டும்போது மெதுவாக்கி ஒரு பார்வையும் பார்ப்பார்கள் இல்லையா, அதற்கும் சேர்த்துத்தான் இந்த எண். (நம்ம ஊரில் பைக் எப்படியாவது நுழைந்து போய்விடும், பின்னால் வரும் டிரெய்லர்தான் நிற்கும். அதனால் எண்ணிக்கை அப்படியே பொருந்தாது.)

கிரேன் அரை மணியில் வந்து தூக்கினால் 800 வண்டி தேங்கும், அது கரைய இன்னும் 48 நிமிடம், மொத்தம் 520 வண்டி-மணி. அதே கிரேன் ஒரு மணி நேரம் எடுத்தால்? ரெண்டு மடங்கு இல்லை, 2,080. நாலு மடங்கு! எவ்வளவு நேரம் அடைத்தது என்பதுதான் கணக்கையே புரட்டிப் போடுகிறது. துறைமுகத்துக்குப் போகிற கனரக வண்டி இவ்வளவு ஓடுகிற வடசென்னையில் பெரிய கிரேன் எங்கே நிற்கிறது, எத்தனை நிமிடத்தில் வருகிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன், மேம்பாலமெல்லாம் அப்புறம்.

கேள்வி: நாங்கள் அந்த இடத்துக்கு வந்தபோது டிரெய்லரையே காணோம், கண்ணாடித் தூள் மட்டும் ஓரமாகக் கிடந்தது. அப்புறம் எதற்கு அவ்வளவு நேரம் நின்றோம்?
- அதே வாசகி

பதில்: தூக்கின செய்தி உங்கள் பஸ்ஸுக்கு வந்து சேரணுமே! முன் வண்டி நகர்ந்து, அடுத்தது நகர்ந்து, அந்த அசைவு மணிக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில்தான் பின்னால் வரும். மூன்று கிலோமீட்டர் வரிசையின் வாலில் இருந்தால், ரோடு திறந்த பிறகும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் அசையாமல் நிற்பீர்கள். அதற்கு மேல் ஊர்ந்து ஊர்ந்து வரணும்.

மேனேஜருக்கு ஒரு வழி சொல்கிறேன். பஸ் டிக்கெட்டில் ஏறின நேரம் அச்சாகியிருக்கும், அதன் பின்னால் இறங்கின நேரத்தைப் பேனாவால் எழுதிப் பர்ஸில் போட்டு வையுங்கள். ஒரு மாதம் சேர்ந்ததும் மேஜை மேல் கொட்டுங்கள்.