பழைய கார் கிளப்: சந்தா முதல் சாவி வரை

பழைய கார் கிளப் நடத்துகிறவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

ஈரோட்டில் பதினெட்டுப் பேர் சேர்ந்து பழைய கார் கிளப் நடத்துகிறோம். அம்பாசிடர், பத்மினி, இரண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கின்றன. பதிவு செய்தே ஆக வேண்டுமா?

இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் வேறு வழியில்லை. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தாலே பதிவு செய்யலாம். இருபது பேர் ஆகிவிட்டாலோ, ஆண்டு வரவோ செலவோ பத்தாயிரம் ரூபாயைத் தொட்டுவிட்டாலோ கட்டாயம். சட்டத்தை விடுங்கள், இப்போது உங்கள் பணம் யார் கணக்கில் இருக்கிறது? அநேகமாகப் பொருளாளரின் சொந்தச் சேமிப்புக் கணக்கில். நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆனால் அந்தப் பணத்தை அவர் வாரிசுகளிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கும். பதிவுச் சான்றிதழும் பான் எண்ணும் இருந்தால் சங்கத்தின் பெயரிலேயே கணக்குத் திறந்து, காசோலைக்கு இரண்டு பேர் கையெழுத்து என்று வைத்துவிடலாம்.

எங்கள் ஊரில் ஒரு கிளப் வருடத்துக்கு ஐந்நூறு வாங்குகிறது, இன்னொன்று பத்தாயிரம். நாங்கள் எவ்வளவு வைப்பது?

அடுத்த கிளப்பைப் பார்த்து வைக்காதீர்கள். ஒரு ராலிகூட நடத்தாவிட்டாலும் வந்து நிற்கும் செலவை முதலில் எழுதுங்கள்: தணிக்கை, பதிவாளரிடம் தாக்கல், பொதுக்குழுவுக்கு ஹால், தீயணைப்பான் ரீஃபில், முதலுதவிப் பெட்டி. எல்லாம் சேர்ந்து 60,000 ரூபாய், உறுப்பினர்கள் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். 40-ஆல் வகுத்து 1,500 என்று அறிவிப்பார்கள். நான் செயலாளராக இருந்த முதல் வருடம் அதைத்தான் செய்தேன். மார்ச் மாதம் பார்த்தால் கால்வாசிப் பேர் கட்டவே இல்லை. ஆடிட்டருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. அதனால் 30-ஆல் வகுத்து 2,000 வையுங்கள்.

ராலி, சாப்பாடு, டீ ஷர்ட் எதுவும் சந்தாவுக்குள் வரக் கூடாது. வருகிறவர்கள் கொடுக்கட்டும். இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு மூன்று வருடமாகப் பாகத்துக்குக் காத்திருப்பவர், மற்றவர்களின் பிரியாணிக்குக் காசு கட்டுவது நியாயமில்லை. ஆயுள் சந்தா வேண்டவே வேண்டாம். வாங்கிய பணம் ஐந்தாறு வருடத்தில் தீர்ந்துவிடும், உறுப்பினரோ முப்பது வருடம் இருப்பார். காருக்கு இவ்வளவு என்றும் வாங்காதீர்கள். ஆறு கார் வைத்திருப்பவருக்கு ஆறு மடங்கு உரிமை என்ற எண்ணம் வந்துவிடும். கார் இல்லாத ரசிகர்களுக்கும் மாணவர்களுக்கும் கண்டிப்பாகக் குறைந்த சந்தா வையுங்கள். அப்புறம், உறுப்பினர் சந்தாவும் ஜி.எஸ்.டி. வரம்புக்குள் வரும்; ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை அதற்குப் பதிவு தேவையில்லை.

என் பத்மினியைக் கல்யாண ஊர்வலத்துக்குக் கேட்கிறார்கள், பணமும் தருகிறார்கள். கிளப் மூலமாகவே ஏற்பாடு செய்யலாமா?

கூடாது. உங்கள் கார் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற பகுதியைப் படியுங்கள். வாடகைக்கு ஓட்டுவது, பந்தயம், வேகச் சோதனை எல்லாம் தனியார் கார் பாலிசியில் விலக்கப்பட்டிருக்கும். ஊர்வலத்தில் யார் காலிலாவது சக்கரம் ஏறினால் வீட்டை விற்க வேண்டி வரலாம். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சும்மா எடுத்துப் போவது வேறு. ராலியிலும் நேரம் குறித்து முதல் பரிசு கொடுக்காதீர்கள். காரை அசலாக வைத்திருப்பவருக்குக் கொடுங்கள்.

1968 ஹெரால்டுக்கு விண்டேஜ் பதிவு எடுக்கலாமா?

எடுக்கலாம். 50 வயது தாண்டிய, வணிகத்துக்கு ஓடாத வண்டிகளுக்கு 2021-இல் வந்த விதி அது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஆனால் அதன்பின் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் இறக்க முடியும். தினமும் கடைக்கு ஓட்டிப் போகிறவர் என்றால் இது உங்களுக்குச் சரிவராது.

ராலிக்கு முன் காரைச் சோதிக்க வேண்டும் என்றால் மூத்த உறுப்பினர்கள் கோபப்படுகிறார்கள்.

கோபப்படட்டும். பிரேக்கும் டயரும் எல்லோரும் பார்ப்பார்கள். பெட்ரோல் போகும் ரப்பர் குழாயை, அதாவது ஹோஸை, விட்டுவிடுவார்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பரும் கார்க் கேஸ்கட்டும் அதைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. பானெட்டைத் திறந்து, பம்பிலிருந்து கார்ப்பரேட்டருக்குப் போகும் ஹோஸை இரண்டு விரலால் மடக்கிப் பாருங்கள். வளைவின் மேல்பக்கம் மயிரிழை போல வெடிப்பு தெரிந்தாலோ, கிளிப் பக்கத்தில் உப்பி மெத்தென்று அமுங்கினாலோ, தடவிய விரலில் பெட்ரோல் வாடை வந்தாலோ அந்தக் கார் அன்றைக்குக் கிளம்பக் கூடாது. பழைய அம்பாசிடரில் கார்ப்பரேட்டருக்குக் கீழேயே, இன்ஜின் புகை வெளியேறும் கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கிறது. ஒரு சொட்டு போதும். தீயணைப்பானை டிக்கியில் வைக்காதீர்கள், டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். சீட் பெல்ட் இல்லாத கார்களில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ராலி போவதையும் நான் அனுமதிப்பதில்லை.

பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் வேலை கற்றுக்கொள்ள உறுப்பினர்களின் ஷெட்டுக்கு வருகிறார்கள். எல்லோரும் தெரிந்தவர்கள்தானே, தனியாக விதி எதற்கு?

தெரிந்தவர்கள் என்பதால்தான் வேண்டும். குழந்தைகளுக்குத் தீங்கு பெரும்பாலும் தெரிந்தவர்களிடமிருந்தே வருகிறது. பெற்றோரின் எழுத்து அனுமதி இல்லாமல் யாரையும் சேர்க்காதீர்கள். ஷெட்டில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். தனியாக வாட்ஸ்அப் செய்தி, தனியாகக் காரில் கூட்டிப்போவது இரண்டும் கூடாது. சொல்ல வேண்டியதைப் பெற்றோரும் இருக்கும் குழுவில் சொல்லுங்கள். புகார் சொல்ல இரண்டு பேரை நியமித்து, அவர்கள் எண்ணைச் சேர்க்கைப் படிவத்திலேயே அச்சடியுங்கள். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்.

பாலியல் புகார் வந்தால் கமிட்டி கூடி விசாரிப்பது, இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவது எதுவும் வேண்டாம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் அதுவே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. கிளப்பின் பெயர் கெட்டுவிடும் என்று யாராவது தயங்கினால், அந்தப் பையனின் அம்மா முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள்.

எங்கள் உறுப்பினர் ஒருவர் இறந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அவர் மனைவியிடம் ஏழெட்டுப் பேர் வந்து காரை விலைக்குக் கேட்டுவிட்டார்கள். அதில் இருவர் எங்கள் கிளப்.

படிக்கும்போதே வேதனையாக இருந்தது. இப்படி ஒரு அம்மாவை எனக்கும் தெரியும். ஷெட்டில் தூசு படிகிறதே, நானே எடுத்துப்போய் ஓட்டி வைக்கிறேன் என்று ஒருவர் அன்பாகச் சாவியை வாங்கிப் போனார். கார் திரும்பி வரவே இல்லை.

முதலில் உங்கள் கிளப்பில் இறந்தவரின் மனைவியை உறுப்பினராகத் தொடர வையுங்கள், இந்த வருடச் சந்தா வேண்டாம். உறுப்பினர் இறந்து ஆறு மாதம்வரை அந்தக் காரை மற்ற உறுப்பினர்கள் விலை பேசக் கூடாது என்று பொதுக்குழுவில் தீர்மானம் போடுங்கள். முகவரிப் பட்டியல் செயலாளரிடம் மட்டும் இருக்கட்டும். வந்து கேட்ட வெளியாட்களுக்கு அந்த வீட்டு முகவரி எப்படிக் கிடைத்தது என்றும் விசாரியுங்கள். அந்த அம்மா பிற்பாடு விற்க விரும்பினால், வாங்கும் எண்ணம் இல்லாத இரண்டு உறுப்பினர்கள் வெளியூர் மெக்கானிக் ஒருவரோடு போய்ப் பார்த்து விலையை எழுதிக் கொடுக்கட்டும். அதுவரை ஆர்.சி. புத்தகமும் இரண்டு சாவியும் அந்த அம்மாவின் பீரோவிலேயே இருக்க வேண்டும். பத்திரமாக வைத்துத் தருகிறோம் என்று கிளப்கூட வாங்கக் கூடாது.