என்கிரிப்ட் ஆன கோப்புப் பெயர் கெட்டுப்போனால்: சில கேள்விகள்

கீ (என்கிரிப்ட் ஆனதைத் திறக்கும் சாவி) இல்லாமலே எஃப்எஸ்செக் (டிஸ்க்கின் கோப்பு அமைப்பைச் சோதித்துத் திருத்தும் கருவி) ஓட்டுகிறோமே, பெயர் கெட்டிருப்பது அதற்கு எப்படித் தெரியும்?

நீளத்தை வைத்துத்தான். லினக்ஸில் கோப்புகளையும் அவற்றின் பெயர்களையும் என்கிரிப்ட் செய்யும் எஃப்எஸ்கிரிப்ட், ஒரே எழுத்துப் பெயரைக்கூட பூஜ்ஜிய பைட்டுகளால் நிரப்பி 16 பைட்டுக்குக் குறையாமல்தான் டிஸ்க்கில் எழுதும். என்கிரிப்ட் ஆன டைரக்டரியில் ஒரு பதிவின் பெயர் நீளம் 7 என்றிருந்தால் யோசிக்கவே வேண்டாம், அது கெட்டதுதான் (ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி மட்டும் விதிவிலக்கு, அவை என்கிரிப்ட் ஆவதில்லை). சாய்கோடு (/, சாதாரணக் கோப்புப் பெயரில் வரக்கூடாத எழுத்து) இருக்கிறதா என்று மட்டும் இந்த நிலையில் பார்க்கவே கூடாது. மறையெழுத்தில் (என்கிரிப்ட் ஆன வடிவத்தில்) எந்த பைட்டும் வரலாம், அதைப் பிழை என்று திருத்தினால் நல்ல பெயரை நாமே கெடுத்துவிடுவோம்.

சரி, டிக்ரிப்ட் செய்தபின் சாய்கோடு பார்த்தால்?

லினக்ஸின் மையமான கர்னல் பார்க்கிறது, சாய்கோடோ வெற்றுப் பெயரோ வந்தால் ஐஓ பிழை (உள்ளீடு/வெளியீட்டுப் பிழை) தருகிறது. ஆனால் டிஸ்க்கில் ஒரு பிட் புரண்டால் குறைந்தது 16 பைட் குப்பையாகும், அந்த 16க்குள் சாய்கோடு விழ வாய்ப்பு சுமார் 6 சதவீதம்தான். மற்றதெல்லாம் தப்பிவிடும்.

பட்டியலில் கோப்பு தெரிகிறது, அழிக்கப் போனால் அப்படிக் கோப்பே இல்லை என்கிறது. ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. குப்பைப் பெயரின் நடுவில் பூஜ்ஜிய பைட் வந்தால் கர்னல் அதோடு பெயரை வெட்டிக் காட்டும். நீங்கள் அந்த வெட்டிய பெயரைத் திருப்பிக் கொடுக்கும்போது அதை மறுபடி என்கிரிப்ட் செய்துதான் டிஸ்க்கில் தேடும், வருவது வேறு மறையெழுத்து, அதனால் பொருந்தாது. கீயை எடுத்துவிட்டுப் பாருங்கள், மறையெழுத்திலிருந்தே உருவாக்கிய ஒரு நீளமான பெயர் தெரியும், அதைக் கொடுத்தால் அழிந்துவிடும். ஆனால் அவசரப்படாதீர்கள், உள்ளடக்கத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அதன் கீ பெயரிலிருந்து வருவதில்லை. உங்கள் கோப்பு அமைப்பு எக்ஸ்ட்4 என்றால், டிஸ்க்கை அன்மவுன்ட் செய்து டீபக்எஃப்எஸ் (அதை நேரடியாகத் திருத்தும் கருவி) மூலம் அந்தப் பதிவை மட்டும் நீக்குங்கள், அப்புறம் இ2எஃப்எஸ்செக்கை (எக்ஸ்ட்4-க்கான எஃப்எஸ்செக்) -f கொடுத்து ஓட்டினால் கோப்பு லாஸ்ட்+ஃபவுண்டுக்கு (பெயர் இழந்த கோப்புகள் சேரும் டைரக்டரி) வந்துசேரும், கீயைச் சேர்த்தால் திறக்கும்.

மெட்டாடேட்டா செக்சம் (டைரக்டரி போன்ற தகவல்கள் கெட்டால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) போட்டிருக்கிறேன், போதுமா?

தற்செயலாகக் கெட்டால் கட்டாயம் உதவும், எக்ஸ்ட்4 டைரக்டரி பிளாக் ஒவ்வொன்றுக்கும் சிஆர்சி32சி என்ற செக்சத்தை வைக்கிறது. டிஸ்க்கில் எழுத முடிந்த ஒருவர் வேண்டுமென்றே மாற்றினால் செக்சத்தையும் சேர்த்தே மாற்றிவிடுவார், எஃப்எஸ்கிரிப்டும் பெயர்களுக்கு உறுதிமுத்திரை (கீ இல்லாதவர் மாற்றினால் காட்டிக்கொடுக்கும் குறி) எதுவும் போடுவதில்லை.