குறைந்த செலவில் கேமிங் கம்ப்யூட்டர்: நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுப்பது என் தொழில். கேமிங் கம்ப்யூட்டர் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே ஒன்றாகப் பதில் எழுதுகிறேன். தனித்தனி விலைகளைச் சொல்லவில்லை. 2025-ன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை ஏறிய வேகத்தில், இன்று எழுதும் விலை அடுத்த வாரம் பொய்யாகிவிடும். ஏஐ தரவு மையங்களுக்கு மெமரி சில்லுகள் மொத்தமாகப் போவதுதான் இதற்கு முக்கியக் காரணம்.

தென்காசியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, மானிட்டர் என்னிடம் இருக்கிறது. மற்றவற்றுக்கு 50,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். வேலரண்ட், ஜிடிஏ 5, கொஞ்சம் புதிய கேம்களும் விளையாட வேண்டும். எதில் தொடங்குவது?

தம்பி, கிராபிக்ஸ் கார்டில் தொடங்குங்கள். பலரும் பிராசஸரை முதலில் முடிவு செய்துவிட்டு, மிச்சப் பணத்துக்கு ஏதோ ஒரு கார்டு வாங்குகிறார்கள். கேமிங்குக்கு அது தலைகீழ் வழி. மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல், முடிந்தால் நாற்பது சதவீதம் வரை கார்டுக்கு ஒதுக்குங்கள். உங்கள் தொகைக்கு ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கிடைத்தால் அதையே எடுக்கச் சொல்வேன். 2021-ல் வந்த கார்டுதான். ஆனாலும் 8 ஜிபி மெமரி இருக்கிறது, 1080பி (முழு எச்டி) திரைக்குத் தாராளம், மின்சாரமும் 132 வாட்தான் கேட்கும். ஏறக்குறைய அதே மின்சாரம் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 3050-ன் 8 ஜிபி வகையை விட வேகமானது. புதிதாகப் பொருத்தும் கம்ப்யூட்டருக்கு 4 ஜிபி கார்டு பக்கம் இனிப் போகவே வேண்டாம்.

பிராசஸருக்கு ரைசன் 5 5600 அல்லது இன்டெல் ஐ5-12400எஃப். இரண்டிலும் 6 கோர் (கணக்கிடும் மையம்), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). எது மதர்போர்டோடு சேர்த்து மலிவாக வருகிறதோ அதை எடுங்கள்; விளையாடும்போது வித்தியாசம் தெரியாது. இன்டெல்லில் கடைசியில் எஃப் என்று இருந்தால் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது என்று பொருள். உங்களிடம்தான் கார்டு இருக்கப்போகிறதே, அதனால் பாதகமில்லை.

ரேம் 16 ஜிபி, ஒரே குச்சியாக அல்லாமல் 8 ஜிபி இரண்டாக. கேம்களையும் கோப்புகளையும் சேமிக்க 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்). அடுத்து எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி: நல்ல நிறுவனத்தின் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலத் தரம்). கேபினட் வாங்கினால் எஸ்எம்பிஎஸ் இலவசம் என்று கடையில் சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். வேறு ஒரு பாகம் பழுதானால் பெரும்பாலும் அது மட்டும்தான் போகும். மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது மதர்போர்டையும் கார்டையும் கூடவே கொண்டுபோய்விடும். 80 பிளஸ் என்பதுகூட மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான சான்று மட்டுமே. அதனால் வாரண்டி எத்தனை ஆண்டு என்றும் கேளுங்கள். ஐந்து ஆண்டு தருகிறவன் தன் பொருளை நம்பித் தருகிறான்.

சங்கரன்கோவில் வாசகர்: "ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு" என்று வண்ண விளக்கெல்லாம் போட்டு மிகக் குறைந்த விலைக்கு ஒரு விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா?

வாங்காதீர்கள். இந்த விளம்பரத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, ஏனென்றால் ஏமாறுவது பெரும்பாலும் முதல் சம்பளத்தைக் கையில் வைத்திருக்கும் பையன்கள். ஐ7 என்றால் எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். பெரும்பாலும் 2012-ல் வந்த ஐ7-3770 ஆக இருக்கும். அதில் 4 கோர், 8 த்ரெட். 2022-ல் வந்த ஐ3-12100எஃப்-பிலும் அதே 4 கோர், 8 த்ரெட்தான். ஆனால் ஒவ்வொரு கோரும் பழையதை வெகுதூரம் பின்னால் விட்டுவிடும். விண்டோஸ் 11 அந்தப் பழைய ஐ7-ஐ முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

"4 ஜிபி கிராபிக்ஸ்" என்பது ஜிடி 730 ஆக இருக்கலாம். 2014-ல் வந்தது. கார்டில் மெமரி எவ்வளவு என்பதைவிட அது எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பதே முக்கியம். டிடிஆர்3 மெமரி வைத்த 64-பிட் ஜிடி 730-ல் நொடிக்கு 14.4 ஜிபி பாயும்; ஆர்எக்ஸ் 6600-ல் 224 ஜிபி. ஜிபி கணக்கை மட்டும் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

முக்கூடல் வாசகி: தம்பி, நான் பீடி சுற்றுகிறேன். மகன் பாலிடெக்னிக் முதல் ஆண்டு. படிப்புக்கும் ஆகும், விளையாடவும் ஆகும் என்று கம்ப்யூட்டர் கேட்கிறான். 30,000-க்கு மேல் என்னால் முடியாது. வீட்டில் டிவி இருக்கிறது.

அக்கா, முடியும். இப்போதைக்குக் கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். ரைசன் 5 5600ஜி என்ற பிராசஸரில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. வேலரண்ட் போன்ற கேம்கள் அதில் நன்றாக ஓடும். பெரிய கேம்களைத் தரம் குறைத்து விளையாடலாம். படிப்புக்கு வேண்டிய மென்பொருள்களும் ஓடும். பின்னாளில் கையில் காசு சேரும்போது கார்டு ஒன்றைச் செருகிக்கொள்ளலாம், எதையும் தூக்கிப்போட வேண்டியிருக்காது.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். ரேம் கண்டிப்பாக 8 ஜிபி இரண்டாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, அது ரேமையே பங்கு போட்டுக்கொள்கிறது. ஒற்றைக் குச்சி போட்டால் கேமின் வேகம் வெகுவாக விழும். ரேம் விலை ஏறியிருப்பதால் தொகை இழுபறியாகத்தான் இருக்கும். கேபினட்டில் மிச்சம்பிடியுங்கள், கண்ணாடியும் விளக்கும் வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் குறைக்காதீர்கள். டிவியை எச்டிஎம்ஐ வயரில் இணைத்து, அதில் கேம் மோடு இருந்தால் போட்டுவிடச் சொல்லுங்கள். மானிட்டர் பிறகு வாங்கலாம்.

பீடி சுற்றும் அறையில் கம்ப்யூட்டரை வைக்க வேண்டாம். புகையிலைத் தூள் மிக நுண்ணியது. காற்றாடி இழுத்து உள்ளே படியவைத்துவிடும். வேறு இடம் இல்லையென்றால் தரையில் வைக்காமல் ஸ்டூல் உயரத்துக்கு ஏற்றி, முன்பக்கம் கழற்றிக் கழுவும் வலை உள்ள கேபினட்டாக வாங்குங்கள். மாதம் ஒருமுறை மகன் கழுவட்டும்.

களக்காடு வாசகர்: புதிதாகப் பொருத்திய கம்ப்யூட்டர். கேபினட்டின் இரும்பைத் தொட்டால் சுள்ளென்று லேசாக ஷாக் அடிக்கிறது. எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போய்விட்டதா?

பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் நன்றாகத்தான் இருக்கும், உங்கள் வீட்டில் எர்த் வேலை செய்யவில்லை. மின்சாரத்தில் வரும் இரைச்சலை வடிகட்ட எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் சிறு கெபாசிட்டர்கள் உண்டு. அவை வடிப்பதை எர்த் வயர் வழியாகத் தரைக்கு அனுப்புவதுதான் ஏற்பாடு. எர்த் இல்லாவிட்டால் அது கேபினட்டிலேயே நிற்கும்; மீட்டர் வைத்துப் பார்த்தால் 230 வோல்ட்டில் பாதியளவு காட்டும். பாயும் மின்சாரம் மிகச் சிறிது என்பதால் சுள்ளென்பதோடு நிற்கிறது. அதற்காக விட்டுவிடாதீர்கள். என்றைக்காவது உள்ளே உண்மையான கசிவு ஏற்பட்டால் உங்களைக் காப்பாற்ற எதுவும் இருக்காது.

மூன்று முனை பிளக் இருப்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று ஆகாது. பழைய வீடுகளில் அந்தப் பெரிய துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக்கிலிருந்து எர்த் குழி வரை சோதிக்கச் சொல்லுங்கள். குழி இருந்தாலும் நம் பக்கத்துக் கோடையில் மண் காய்ந்து பயனற்றுப் போயிருக்கலாம். தண்ணீர் ஊற்றிப் பராமரிக்க வேண்டும். நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்கிலேயே ஒன்றாக முறுக்கிவிட்டால் ஷாக் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் அனுமதிக்காதீர்கள். நியூட்ரல் வயர் எங்காவது அறுந்தால் கேபினட் முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும். அது உயிரையே எடுக்கும்.

எர்த் சரியாகும்வரை, செருப்பில்லாமல் ஈரத்தரையில் நின்று கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். புதிய கார்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு இது.

பணகுடி வாசகர்: காற்றுக் காலத்தில் கரண்ட் அடிக்கடி போய் வருகிறது. சாயங்காலம் மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜும் இறங்குகிறது. வீட்டு இன்வெர்ட்டர் போதுமா, யூபிஎஸ் வாங்கவா, ஸ்டெபிலைசர் வேண்டுமா?

முதலில் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். சிலவற்றில் 100-240 வோல்ட் என்றிருக்கும், சிலவற்றில் 200-240 என்றிருக்கும். உங்கள் ஊருக்கு முதல் வகைதான் வேண்டும். அது இருந்தால் வோல்டேஜ் 170-க்கு இறங்கினாலும் தாங்கும், ஸ்டெபிலைசர் தேவையில்லை. வாங்கும் முன்பே பெட்டியில் பார்க்க வேண்டிய விஷயம் இது. வாட்டை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருந்து, யூபிஎஸ் மோடும் அதில் இருந்தால் பயன்படுத்தலாம். சாதாரண மோடில் அது குறைந்த வோல்டேஜையும் அப்படியே உள்ளே விடும், பேட்டரிக்கு மாறவும் நேரம் எடுக்கும். கரண்ட் நின்ற பின் எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பது ஏறக்குறைய 16 மில்லிசெகண்டு மட்டுமே. அதற்குள் மாறாவிட்டால் கம்ப்யூட்டர் அணைந்து எழும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் மாட்ட வேண்டாம்.

தனியாக யூபிஎஸ் வாங்கினால் விஏ கணக்கில் ஏமாறாதீர்கள். 600 விஏ என்பது பொதுவாக 360 வாட். மேலே சொன்ன ஆர்எக்ஸ் 6600 கம்ப்யூட்டர் மானிட்டரோடு சேர்த்து விளையாட்டு நடுவே 250 வாட்டைத் தொடலாம். கணக்குப்படி தாங்கும், ஆனால் பேட்டரி கொஞ்சம் பழசானால் கரண்ட் போன நொடியிலேயே விழுந்துவிடும். 1000 விஏ வாங்குங்கள். சேமித்துவிட்டு அணைக்கச் சில நிமிடம் கிடைத்தால் போதும், தொடர்ந்து விளையாடுவதற்கு அல்ல.

பாளையங்கோட்டை வாசகர்: மொட்டைமாடி அறை. மே மாதத்தில் உள்ளே நிற்கவே முடியாது. லிக்விட் கூலிங் போட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. எந்தக் கூலரும் பாகங்களை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது, தண்ணீர் ஓடினாலும் அப்படித்தான். அறை 40 டிகிரி என்றால் அதற்கு மேல்தான் கணக்கு தொடங்கும். 65 வாட் பிராசஸருக்கு அதனோடு வரும் கூலரே போதும். அந்தப் பணத்தில் முன்பக்கம் முழுக்க வலை வைத்த கேபினட், முன்னால் உள்ளிழுக்க இரண்டு காற்றாடி, பின்னால் வெளியேற்ற ஒன்று. முன்பக்கம் கண்ணாடி மூடிய கேபினட் அழகாக இருக்கும், நம் ஊர் வெயிலுக்கு உதவாது. விளையாடும்போது கிராபிக்ஸ் கார்டு 80 டிகிரி காட்டினால் பதற வேண்டாம்.

உடன்குடி வாசகர்: எங்கள் ஊர்த் தேரி மணல் எல்லாவற்றிலும் ஏறிவிடுகிறது. என்ன செய்வது?

வலை உள்ள கேபினட், தரைக்கு மேலே வைப்பது, மாதம் ஒருமுறை ஊதுகுழலால் சுத்தம். ஊதும்போது காற்றாடி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கடற்காற்றின் உப்பும் சேர்வதால் ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள்.

பேட்டை வாசகர்: புதிய கார்டு போட்டேன். கேம் முன்பு போலவே திணறுகிறது.

மானிட்டர் வயர் எங்கே செருகியிருக்கிறது? மதர்போர்டில் என்றால் கழற்றி, கீழே கார்டில் இருக்கும் துளையில் செருகுங்கள். அப்புறம் பயாஸில் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கும் அமைப்புத் திரை) ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடாவிட்டால் 3200 ரேம் 2133 அல்லது 2400-லேயே ஓடிக்கொண்டிருக்கும்.

அம்பாசமுத்திரம் வாசகர்: பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் கார்டு போட்டால் செலவு குறையுமே?

குறையும், நல்ல வழிதான். இன்டெல் 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்ததாகப் பாருங்கள், விண்டோஸ் 11-க்கு அது வேண்டும். சிக்கல் எஸ்எம்பிஎஸ்ஸில். இவற்றில் பலவும் அந்தந்த நிறுவனத்தின் சொந்த வடிவம், கடையில் வாங்கி மாற்ற முடியாது; கார்டுக்கான தனி மின்வயரும் இருக்காது. அதனால் மதர்போர்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும் ஜிடிஎக்ஸ் 1650-ன் 75 வாட் வகை அல்லது ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி வகைதான் பொருந்தும். பெட்டி ஒல்லியானது என்றால் குட்டை கார்டு வேண்டும். அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மேலப்பாளையம் வாசகர்: பழைய ஆர்எக்ஸ் 580 மலிவாகக் கிடைக்கிறது. கிரிப்டோ நாணயம் உருவாக்கும் மைனிங்கில் ஓடியதாக இருக்குமோ?

இருக்கலாம். மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை, சோதிக்காமல் வாங்கத்தான் கூடாது. விற்பவர் முன்னிலையிலேயே அரைமணி நேரம் கனமான கேமை ஓட்டுங்கள். திரையில் புள்ளிகளோ கோடுகளோ வந்தால், காற்றாடி கரகரத்தால் திரும்பிவிடுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் ஷேடர் (கார்டுக்குள் இருக்கும் சிறு கணக்கிடும் அலகு) எண்ணிக்கையைப் பாருங்கள். அசல் ஆர்எக்ஸ் 580-ல் 2304 இருக்கும். 2048 என்று காட்டினால் அது அதே பெயரில் விற்கும் குறைந்த வகை. விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

வள்ளியூர் வாசகர்: சென்னை ரிச்சி தெருவில் வாங்கினால் மலிவு என்கிறார்கள். அங்கேயே பொருத்தி பஸ்ஸில் கொண்டுவரலாமா?

வித்தியாசம் போக்குவரத்துச் செலவைத் தாண்டினால் வாங்கலாம். ஆனால் பழுதானால் யார் பார்ப்பது என்பதை இப்போதே கேளுங்கள். நம் ஊர்க் கடைக்காரர் சில நூறு ரூபாய் கூடுதலாகச் சொன்னாலும், வாரண்டிக்கு அவரே அனுப்பி வாங்கித் தருகிறார் என்றால் அந்தத் தொகை நியாயமானதே. எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும்.

பொருத்தி எடுத்து வந்தால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே வைத்துத் தனியாகக் கையில் கொண்டுவாருங்கள். பஸ்ஸின் குலுக்கலில் கார்டின் எடை மதர்போர்டின் ஸ்லாட்டையே உடைத்துவிடும். ஊருக்கு வந்து செருகும்போது கிளிக் என்ற ஓசை வரும்வரை அழுத்துங்கள்.

கடையநல்லூர் வாசகர்: அண்ணன் துபாயிலிருந்து வருகிறார். கார்டு வாங்கி வரச் சொல்லவா?

அந்த நிறுவனத்தின் வாரண்டி இந்தியாவிலும் செல்லுமா என்று அதன் இணையதளத்தில் பார்த்த பிறகு சொல்லுங்கள். பலவற்றுக்கு வாங்கிய நாட்டில் மட்டும்தான் செல்லும். கார்டு பழுதாகி, அண்ணன் அடுத்த விடுமுறைக்கு வரும்வரை காத்திருப்பதைவிட இங்கே கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது மேல். ரேமும் எஸ்எஸ்டியும் சிறியவை, பழுதாவதும் குறைவு. விலை வித்தியாசம் நன்றாக இருந்தால் அவற்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சுங்க வரி இல்லாமல் எவ்வளவு கொண்டுவரலாம் என்பதையும், பில்லைக் கையில் வைத்திருப்பதையும் அண்ணனுக்கு நினைவூட்டுங்கள்.

ராதாபுரம் வாசகர்: எல்லாம் பொருத்தி விண்டோஸ் 11-ம் போட்டாயிற்று. வேலரண்ட் மட்டும் திறக்க மறுக்கிறது, 9003 என்று ஏதோ எண் காட்டுகிறது.

நம்பகமான மென்பொருளை மட்டும் கிளம்பவிடும் செக்யூர் பூட் என்ற வசதியைப் போடவில்லை என்று பொருள். விண்டோஸ் 11-ல் அந்த கேமுக்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, செக்யூர் பூட் இரண்டும் வேண்டும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், இரண்டும் உங்கள் மதர்போர்டிலேயே இருக்கின்றன. பயாஸுக்குள் போய் முதலில் சிஎஸ்எம் (பழைய முறையில் கிளம்பவிடும் வசதி) என்பதை அணையுங்கள், பிறகு செக்யூர் பூட்டைப் போடுங்கள். ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம், இன்டெல் என்றால் பிடிடி என்ற பெயரில் டிபிஎம் இருக்கும், அதையும் போடுங்கள். சிஎஸ்எம்மை அணைத்ததும் விண்டோஸ் கிளம்பாவிட்டால் எஸ்எஸ்டி பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. பயப்படாமல் சிஎஸ்எம்மை மறுபடி போட்டு விண்டோஸுக்குள் வந்து, முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டு, விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் மாற்றிக்கொள்ளுங்கள்.