மனித உரிமை ஆணையத்தில் வேலை பார்க்க ஆசைப்படும் மகளும், கவலைப்படும் அம்மாவும்

அம்மா, உங்கள் பயம் இரண்டு. மகள் கொடி பிடித்துக்கொண்டு தெருவில் நிற்பாளோ என்பது ஒன்று. படித்து முடித்தால் சம்பளம் வருமா என்பது இன்னொன்று. முதலாவதை விட்டுவிடுங்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. அங்கே பெரும்பாலும் கோப்பு வேலைதான்.

காவல் நிலையத்திலோ சிறையிலோ ஒருவர் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குத் தகவல் போயாக வேண்டும். அப்புறம் பிரேதப் பரிசோதனை அறிக்கை, நடுவரின் (மாஜிஸ்திரேட்டின்) விசாரணை அறிக்கை, சிறைக்கு வந்தபோது எழுதிய மருத்துவக் குறிப்பு எல்லாவற்றையும் வரவழைப்பார்கள். மருத்துவக் குறிப்பில் ‘வெளிக்காயம் இல்லை’ என்று இருக்கிறது, பிரேதப் பரிசோதனையிலோ முதுகில் கன்றிய காயம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தாளையும் அருகருகே வைத்து, நடுவில் என்ன நடந்தது என்று கேட்கத் தெரிந்த ஆள்தான் அங்கே தேவை. மகள் எதையும் இரண்டு முறை படிப்பாள் என்று குறைபட்டுக்கொண்டீர்களே, அது இங்கே நல்ல குணம்!

யாரும் புகார் கொடுக்காவிட்டாலும், செய்தித்தாளில் வந்ததை வைத்தே ஆணையம் விசாரணையைத் தொடங்கலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் உண்டு. ஆனால் கடைசியில் அரசுக்குத் தருவது பரிந்துரைதான்: இழப்பீடு கொடுங்கள், வழக்குத் தொடருங்கள் என்று. ராணுவத்தின் மீது புகார் என்றால் மத்திய அரசிடம் அறிக்கை கேட்டு, அதன்மேல் பரிந்துரை செய்வதோடு சரி. சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டிவிட்டால் விசாரிக்க முடியாது. உடனே நியாயம் கிடைக்க வேண்டும் என்று துடிப்பவர்கள் இங்கே நொந்துபோவார்கள். மகளிடம் இதை மறைக்காதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். புலனாய்வுப் பிரிவுக்குக் காவல்துறையிலிருந்து அயற்பணியில், அதாவது சில காலத்துக்கு அனுப்பப்பட்டு, வருகிறார்கள். சட்டப் பிரிவுக்குச் சட்டம் படித்தவர்கள் வேண்டும். அதனால் மனித உரிமைப் பட்டயத்தை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். சட்டப் பட்டம் கையில் இருந்தால், ஆணையத்தில் இடம் கிடைக்காவிட்டாலும் வக்கீல் தொழில் இருக்கிறது, நீதித்துறைத் தேர்வும் எழுதலாம். படிக்கும்போதே ஆணையத்தின் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கட்டும்.

ஆணையத்துக்குத் தமிழிலேயே மனு எழுதலாம், கட்டணமும் கிடையாது. பழக்கத்துக்காக, செய்தித்தாளில் வந்த ஏதாவது ஒரு சம்பவத்தை வைத்து ஒரு பக்க மனு எழுதச் சொல்லுங்கள்: எங்கே, எப்போது, யார், என்ன நிவாரணம். அடைமொழி ஒன்றுகூட வேண்டாம். அடுத்த முறை வரும்போது அதையும் கொண்டு வரட்டும்.

அரசியல் அறிவியல்தான் முதலில் படிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் படிக்கட்டும். அதை முடித்துவிட்டு மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். நேரடியாக ஐந்தாண்டுப் படிப்பில் சேர்வதைவிட ஒரு வருடம்தான் கூடும்.