ஷின்சான் யாருக்காக எழுதப்பட்டது? அனிமே கேள்வி பதில்

ஜப்பானில் வேலை பார்த்த நாட்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, போகிற போக்கில் அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் பற்றி இரண்டு வரி சேர்த்துவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வரியைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன், "ஷோனென் எல்லாம் முடித்துவிட்டேன், இனி செய்னென்தான்" என்கிறான். ஏதோ பரீட்சை பாஸ் பண்ணிய மாதிரி பேச்சு. இவையெல்லாம் என்ன வகைகள்?
திருச்சியிலிருந்து ஒரு தந்தை

அவை கதை வகைகளே அல்ல. ஷோனென் என்றால் பையன், ஷோஜோ என்றால் சிறுமி, செய்னென் என்றால் வாலிபன், ஜோசெய் என்றால் பெண். நான்கும் வாசகரைக் குறிக்கும் சொற்கள். அனிமே தொடர்களில் பெரும்பகுதி முதலில் மாங்காவாக, அதாவது படக்கதையாக, ஏதாவது ஒரு பத்திரிகையில் வந்தவை. அந்தப் பத்திரிகை யாரைக் குறிவைத்து அச்சானதோ அந்தப் பெயர் அனிமேவுக்கும் ஒட்டிக்கொள்கிறது. பையன்களுக்கு 1968-ல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்', சிறுமிகளுக்கு அதைவிடப் பழைய 'நாகாயோஷி', 'ரிபோன்' என்று கடைகளில் தனித்தனி அடுக்கே உண்டு.

1999-ல் ஜப்பானின் கவாசாகி நகரத்துக்குப் போய் நான்கு ஆண்டுகள் இருந்தேன். குடியிருந்த கட்டடத்தின் கீழே ஒரு முடிதிருத்தும் கடை. காத்திருப்பவர்களுக்காக டெலிபோன் டைரக்டரி கனத்தில் இந்தப் பத்திரிகைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். எது யாருக்கானது என்று கண்டுபிடிக்கக் கடைக்காரர் ஒரு வழி சொல்லித் தந்தார். காஞ்சி எனப்படும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகளின் பக்கத்தில் பொடி எழுத்தில் உச்சரிப்பு போட்டிருந்தால் அது பெரும்பாலும் பிள்ளைகள் பத்திரிகை. போடாமல் விட்டிருந்தால் பெரியவர்களுடையது. அந்தப் பொடி எழுத்துக்கு ஃபுரிகானா என்று பெயர். அரைகுறை ஜப்பானியம் தெரிந்த எனக்கு, முப்பது வயதில், பையன்கள் பத்திரிகைதான் படிக்க வந்தது. உங்கள் மகன் தாண்டி வந்துவிட்டதாகச் சொல்கிற இடத்தில்தான் நான் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே ஷோனென் என்றால் லேசானது, செய்னென் என்றால் கனமானது என்று கணக்குப் போட முடியாது. பெயரை எழுதினால் ஆள் செத்துப்போகும் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு மாணவன் ஊரையே கொல்லும் 'டெத் நோட்' 2003-ல் ஷோனென் ஜம்ப்பில்தான் தொடங்கியது. பள்ளி மாணவிகள் கூடாரம் போட்டு நூடுல்ஸ் சாப்பிடுகிற 'யுரு கேம்ப்' வந்ததோ செய்னென் பத்திரிகையில். மகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் போகிற போக்கைப் பார்க்கலாம்.

கதை வகை என்பது வேறு: ராட்சத ரோபோ என்றால் மெக்கா, வேற்றுலகம் போனால் இஸெகாய், மந்திரச் சிறுமி என்றால் மஹோ ஷோஜோ, இப்படி. மற்றக் கடிதங்களில் அவை வருகின்றன.

பேரன் ஷின்சான் பார்த்துவிட்டு எதிர்த்துப் பேசுகிறான். குழந்தைகள் படத்தில் இப்படியெல்லாமா எடுப்பார்கள்?
கும்பகோணத்திலிருந்து ஒரு பாட்டி

அம்மா, அது குழந்தைகளுக்காக எழுதப்பட்டதே இல்லை. 1990-ல் 'மாங்கா ஆக்‌ஷன்' என்ற வளர்ந்த ஆண்களுக்கான பத்திரிகையில் ஆரம்பித்தது. ஐந்து வயதுப் பையன் பெரியவர்களின் மானத்தை வாங்குவதைப் பெரியவர்களே படித்துச் சிரிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். 1992-ல் தொலைக்காட்சிக்கு வந்ததும் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். ஜப்பானியப் பெற்றோர்களும் உங்களைப் போலவே புலம்பினார்கள். 'பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பாத நிகழ்ச்சி' எது என்று அங்குள்ள பெற்றோர் ஆசிரியர் சங்கம் கேட்டபோதெல்லாம் இந்தப் பெயர் பல ஆண்டுகள் முன்வரிசையில் இருந்தது. இந்தியாவிலும் 2008-ல் தடை வந்து, பிறகு கத்திரி போட்டுத் திரும்பியது.

டோரேமான் அப்படியல்ல. ஒன்றாம் வகுப்புக்கு ஒரு பத்திரிகை, இரண்டாம் வகுப்புக்கு ஒரு பத்திரிகை என்று வகுப்புவாரியாக வந்த இதழ்களில் 1970 தொடக்கத்திலிருந்து வெளியானது. பேரனை அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்கள். திரும்புவான் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

மெக்கா என்றால் எல்லாம் ஒரே மாதிரி ரோபோ சண்டைதானே? எதற்கு இத்தனை ரசிகர்கள்?
கோவை பொறியியல் மாணவர்

ரோபோவை யார், எங்கிருந்து ஓட்டுகிறார் என்று கவனித்தால் வித்தியாசம் தெரியும். 1963-ல் வந்த 'டெட்சுஜின் 28'-இல் சிறுவன் கையில் ரிமோட், ரோபோ தூரத்தில். 1972-ல் மாங்கா ஓவியர் கோ நாகாய் 'மாசிங்கர் இஸட்'டில் பையனை ஒரு சின்ன ஊர்தியில் ஏற்றி ரோபோவின் தலையிலேயே கொண்டுபோய் உட்கார வைத்தார். அதற்கப்புறம் ரோபோவுக்கு விழும் அடி ஓட்டுகிறவனுக்கும் விழ ஆரம்பித்தது. ஆனாலும் உலகத்தில் அந்த மாதிரி ரோபோ ஒன்றே ஒன்று, அதை ஓட்டுபவன் நாயகன். இதை 'சூப்பர் ரோபோ' என்பார்கள்.

1979-ல் யோஷியுகி டோமினோ இயக்கிய 'மொபைல் சூட் குண்டம்' அந்த மகிமையைப் பிடுங்கிவிட்டது. அதில் ரோபோ ஒரு ராணுவத் தளவாடம். எதிரியிடமும் வரிசை வரிசையாக இருக்கும், குண்டு தீர்ந்துபோகும், பழுதுபார்க்க ஆள் வேண்டும். எதிரிப் படையிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள். இது 'ரியல் ரோபோ'. பார்ப்பவர்கள் குறைவு என்று 52 பகுதிகள் ஓட வேண்டியதை 43-லேயே முடித்துவிட்டார்கள். பிறகு 1980-ல் பண்டாய் நிறுவனம் ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாடல்களைக் கொண்டுவந்தது, சிறியது 300 யென். மறுஒளிபரப்பும் மாடல்களும் சேர்ந்து தொடரைத் தூக்கி நிறுத்தின. என் அலுவலகத்தில் நாற்பது வயதுப் பிரிவுத் தலைவர் ஒருவர் மேசை இழுப்பறையில் குண்டம் பாகங்களும் குறடும் வைத்திருந்தார். மதிய இடைவேளையில் ஒரு கை, மறுநாள் ஒரு கால்.

1995-ல் வந்த 'எவாஞ்சலியன்' இன்னொரு திருப்பம். அதில் பதினான்கு வயதுப் பையனுக்கு ரோபோவில் ஏறவே விருப்பமில்லை. பொறியியல் படிக்கிறவருக்கு நான் முதலில் குண்டத்தைத்தான் சொல்வேன்.

நான் உடற்கல்வி ஆசிரியர். விளையாட்டு அனிமேவில் பயிற்சி என்ற பெயரில் பிள்ளைகளைக் கொல்கிறார்களே!
நாகர்கோவில் வாசகர்

நீங்கள் பழையதைப் பார்த்திருக்கிறீர்கள். அதற்கு 'ஸ்போகோன்' என்று பெயர். ஸ்போர்ட்ஸ், கோன்ஜோ என்ற இரண்டு சொல்லின் ஒட்டு. கோன்ஜோ என்றால் மனவுறுதி, நம் பேச்சில் சொன்னால் 'தம்'. தொடங்கிவைத்தது 1968-ல் வந்த 'கியோஜின் நோ ஹோஷி'. மகன் பேஸ்பால் வீரனாக வேண்டும் என்று அப்பா அவன் உடம்பில் சுருள்கம்பிக் கவசம் மாட்டி வளர்ப்பார். கோபத்தில் சாப்பாட்டு மேசையைக் கவிழ்ப்பார், அந்தக் காட்சியை இன்றைக்கும் ஜப்பானில் கேலி செய்கிறார்கள். இதே கதை 2012-ல் 'சூரஜ்' என்ற பெயரில் கிரிக்கெட்டாக மாறி இந்தித் தொலைக்காட்சியில் வந்தது. சுருள்கம்பிக்குப் பதில் சைக்கிள் டியூப்!

1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஜப்பான் பெண்கள் வாலிபாலில் தங்கம் வென்ற சூட்டில் பெண்களுக்கும் 'அட்டாக் நம்பர் 1' என்ற வாலிபால் தொடர் கிடைத்தது. தொண்ணூறுகளின் 'ஸ்லாம் டங்க்' வந்தபோது காற்று மாறிவிட்டது. நாயகன் கூடைப்பந்து அணியில் சேர்வது ஒரு பெண்ணைக் கவர்வதற்காக. வலியைவிட விளையாட்டின் ருசி முன்னால் வந்தது.

என் சொந்தப் பரிந்துரை, 2011-ல் வந்த 'சிஹாயாஃபுரு'. பந்தே கிடையாது. 'ஹியாகுனின் இஷ்ஷு' என்ற நூறு பழங்கவிதைகளின் தொகுப்பை வைத்து ஆடும் கருதா என்ற சீட்டு விளையாட்டு. ஒருவர் கவிதையின் முன்பாதியைப் பாடுவார், பின்பாதி எழுதிய சீட்டு தரையில் கிடக்கும், முதலில் தட்டி எடுப்பவர் கெட்டிக்காரர். தேர்ந்தவர்கள் முதல் ஓசையைக் கேட்டதுமே பாய்கிறார்கள். வியர்வை, கட்டுப் போட்ட விரல், தோல்விக் கண்ணீர் என்று விளையாட்டு அனிமேவின் இலக்கணம் எல்லாம் அப்படியே இருக்கிறது. வந்ததோ ஜோசெய் பத்திரிகையில். முதல் பதிலில் சொன்னேனே, வாசகர் வேறு, வகை வேறு என்று, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இஸெகாய் பற்றி உங்கள் கருத்து?
சேலம் வாசகர்

லாரியில் அடிபட்டுச் சாகிறான், வேறு உலகத்தில் மந்திரசக்தியோடு பிறக்கிறான். இணையத்தில் தொடர்கதையாக எழுதிக் குவித்ததிலிருந்து வந்த வெள்ளம் இது. தலைப்பிலேயே முழுக்கதையும் இருக்கும்: 'நான் ஸ்லைமாக மறுபிறவி எடுத்தபோது' என்கிற ரகம் (ஸ்லைம் என்றால் கொழகொழ உயிரி). பத்துக்கு ஒன்று தேறும். எனக்குப் பிடித்தது, இந்த வெள்ளத்துக்கு முன்பே 2002-ல் வந்த 'பன்னிரண்டு ராஜ்யங்கள்'. அதில் வேற்றுலகம் போகும் பெண்ணுக்கு யாரும் சக்தியை இலவசமாகக் கொடுப்பதில்லை, படாத பாடு படுகிறாள்.

நான் செவிலியர். இரவுப் பணி முடிந்து வந்தால் தூக்கம் வருவதில்லை. சண்டை, சாவு இல்லாமல் ஏதாவது உண்டா?
வேலூர் வாசகி

உங்களுக்கென்றே ஒரு வகை இருக்கிறது, 'இயாஷிகெய்'. இயாஷி என்றால் ஆற்றுதல். 1995-ல் கோபே நிலநடுக்கம், இரண்டு மாதத்தில் டோக்கியோ சுரங்க ரயிலில் நச்சு வாயுத் தாக்குதல், போதாததற்குப் பொருளாதாரச் சரிவு. அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் இந்தச் சொல் எங்கும் பரவியது. நான் போனபோது குளியல் உப்பு, இசைத்தட்டு, தேநீர் எல்லாவற்றிலும் இயாஷி என்று எழுதியிருந்தது.

மேலே சொன்ன 'யுரு கேம்ப்'பில் தொடங்குங்கள். ஆயிரம் யென் நோட்டின் பின்புறத்தில் ஃபூஜி மலைப் படம் அச்சிட்டிருந்தார்கள். அது மோட்டோசு ஏரிக் கரையிலிருந்து தெரியும் காட்சி. அதை நேரில் பார்க்க ஒரு பெண் சைக்கிள் மிதித்துப் போய், அங்கேயே தூங்கிவிடுகிறாள். இருட்டியபின் தனியாகக் கூடாரம் போட்டிருந்த இன்னொருத்தி கறி நூடுல்ஸ் போட்டுத் தருகிறாள். முதல் பகுதியின் கதை கிட்டத்தட்ட இவ்வளவுதான். 'முஷிஷி'யும் அமைதியானதுதான், ஆனால் அதில் சாவு உண்டு. விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படம் அழகாக இருந்தால் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?
புதுச்சேரியிலிருந்து ஒரு தாய்

கூடாது. நான் பட்டவன். மந்திரச் சிறுமி வகை 1966-ல் 'ஸாலி'யோடு தொடங்கி, 1992-ல் 'ஸெய்லர் மூன்' வழியாக உலகெங்கும் போனது. ரிப்பன், மந்திரக்கோல், பேசும் பூனை. அதே ரகம் என்று நினைத்து 2011-ல் வந்த 'மடோகா மாகிகா'வை ஒன்பது வயது அண்ணன் மகளுக்குப் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் பகுதி முடியும்போது வீட்டில் ஒரே அழுகை. அண்ணி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்தத் தொடர் ஜப்பானில் ஒளிபரப்பானது பின்னிரவில் என்பதை நான் அப்புறம்தான் கவனித்தேன்.

அங்கே தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரலில் 25:30 என்று போட்டிருப்பார்கள். அச்சுப் பிழை இல்லை, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. மாலை ஆறு மணிக்கு வந்ததா, 25 மணிக்கு வந்ததா என்று பாருங்கள். பாத்திரங்களின் கண்ணின் பருமனைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கிப்லி ஸ்டுடியோவின் படங்களுக்கும் இதே எச்சரிக்கைதான். இயக்குநர் மியாசாகியின் 'டோட்டோரோ'வும் இயக்குநர் டகாஹாட்டாவின் 'மின்மினிகளின் கல்லறை'யும் 1988 ஏப்ரல் 16 அன்று ஒரே டிக்கெட்டில் இரட்டைப் படமாக வெளியாயின. ஒன்றில் பூனை வடிவப் பேருந்து. மற்றதில் கோபே குண்டுவீச்சுக்குப் பின் தங்கையோடு அலையும் சிறுவன், கையில் பழ மிட்டாய் டப்பா. முதலாவதைக் குழந்தைகளோடு பாருங்கள். இரண்டாவதைப் பெரியவர்கள் பார்த்தாலே மறுநாள் வேலை ஓடாது.

உங்களுக்குப் பிடித்தது எது?
பலர்

'ஸஸாயே ஸான்'. 1969 அக்டோபரிலிருந்து ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு ஓடுகிறது, உலகிலேயே நீண்டகாலம் ஓடும் அனிமேஷன் தொடர் என்று கின்னஸில் இருக்கிறது. மாமனார், மாமியார், வீட்டோடு மாப்பிள்ளை, சண்டை போடும் தம்பி தங்கை. குடும்பத்தில் எல்லாருக்கும் கடல் சம்பந்தப்பட்ட பெயர். ஸஸாயே என்றால் ஒருவகைச் சங்கு, தம்பி கட்சுவோ சூரை மீன், தங்கை வகாமே கடற்பாசி. பெரிதாக எதுவும் நடக்காது. அது முடிந்தால் ஞாயிறும் முடிந்தது என்பதால், திங்கட்கிழமையை நினைத்து வரும் வயிற்றைப் பிசையும் உணர்வுக்கு 'ஸஸாயே ஸான் நோய்' என்றே அங்கே பெயர். எனக்கும் நான்கு ஆண்டு இருந்தது.

அதில் யாருக்கும் வயதாவதில்லை. நான் கவாசாகிக்குப் போனபோது கட்சுவோ ஐந்தாம் வகுப்பு. இப்போதும் ஐந்தாம் வகுப்புதான். எனக்குத்தான் முடிதிருத்தும் கடையில் வேலை குறைந்துவிட்டது.