பதில்: இணைப்பு ரயில் தவறினால் இழப்பீடு உண்டா?

முதல் ரயில் 12 நிமிடம்தான் தாமதம், அதனால் இணைப்பு ரயில் போய்விட்டது, கடைசியில் 42 நிமிடம் பிந்தி இறங்கினேன், இதற்குப் பணம் கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள். பிரிட்டனில் ரயில் தாமதத்துக்கு நிறுவனங்கள் இழப்பீடு தரும் டிலே ரீபே (Delay Repay) திட்டத்தில் பார்ப்பது நீங்கள் இறங்க வேண்டிய கடைசி நிலையத்துக்கு எவ்வளவு பிந்தி வந்தீர்கள் என்பதைத்தான். 30 முதல் 59 நிமிடம் வரை என்றால் ஒருவழிக் கட்டணத்தில் பாதி. ரிட்டர்ன் டிக்கெட் என்றால் மொத்த விலையில் கால் பங்கு.

விண்ணப்பத்தை முதல் தாமதத்துக்குக் காரணமான நிறுவனத்துக்கு அனுப்புங்கள். இரண்டாவது ரயில்காரரிடம் போனால் அவர் முதலாமவரைக் கைகாட்டுவார். 28 நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். டிக்கெட்டைத் தூக்கிப் போடாமல் படம் எடுத்து வையுங்கள். முழுப் பயணத்தையும் குறிப்பிடுங்கள். முதல் ரயிலை மட்டும் எழுதினால் 12 நிமிடம்தானே என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

காரணம் எதுவானாலும் கவலை வேண்டாம். தண்டவாளத்தில் இலை விழுந்தது என்று சொன்னாலும் காசு உண்டு. நமக்குச் சிரிப்பு வந்தாலும், நசுங்கிய ஈர இலை சக்கரத்தை உண்மையிலேயே வழுக்க வைக்கும். அப்புறம், வவுச்சர் தருகிறோம் என்பார்கள். வங்கிக் கணக்குக்கே கேளுங்கள்.