எண்டோஸ்கோபிக்கு எந்த டாக்டரிடம் போவது?

கேள்வி: எனக்கு வயது 54. நான்கு மாதங்களாக நெஞ்செரிச்சல். மாத்திரை சாப்பிட்டால் அடங்குகிறது, விட்டால் திரும்பிவிடுகிறது. இப்போது சில நேரங்களில் கெட்டியான உணவு நெஞ்சுக்குள் நின்று மெதுவாக இறங்குகிறது. குடும்ப டாக்டர் எண்டோஸ்கோபி செய்யச் சொல்லிவிட்டார். வாய் வழியாகக் குழாய் உள்ளே போகும்போது மூச்சு அடைத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஸ்கேன் எடுத்தால் போதாதா? புதிய கருவி இருக்கும் இடமாகப் பார்த்துப் போ என்கிறார்கள் உறவினர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். யாரிடம் போவது?
- ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறோம். முழுக் கடிதத்தில் குழாயைப் பற்றிய பயம் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. உணவு நெஞ்சில் நிற்பது ஒரே வரியில் வந்து போகிறது. என்னைக் கேட்டால், முடிவைத் தீர்மானிப்பது அந்த ஒரு வரிதான்.

வெறும் நெஞ்செரிச்சல் என்றால் இன்னும் சில வாரம் மாத்திரையோடு பார்க்கலாம் என்று நானும் சொல்லியிருப்பேன். விழுங்கச் சிரமம், ரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்துவிட்டால் உள்ளே பார்த்தே ஆகவேண்டும். அமிலம் பட்டுப் பட்டுப் புண்ணாகி, அது ஆறிய இடத்தில் உணவுக்குழாய் சுருங்கியிருக்கலாம். அப்படியென்றால் எண்டோஸ்கோபி வழியாகவே பலூன் வைத்து விரித்துவிடலாம். புற்றுநோயும் இப்படித் தொடங்குவது உண்டு; அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். எதுவாக இருந்தாலும் சீக்கிரம் தெரிவதே உங்களுக்கு நல்லது.

வயிற்று ஸ்கேன் கல்லீரலையும் பித்தப்பையையும் நன்றாகக் காட்டும். உணவுக்குழாயின் உட்சுவரில் உள்ள புண்ணோ சுருக்கமோ அதில் தெரியாது. சந்தேகமான இடத்திலிருந்து துளி சதை எடுக்கவும் அதனால் முடியாது. ஆகவே, ஸ்கேன் இதற்கு மாற்று ஆகாது.

மூச்சைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். கேமரா பொருத்திய அந்தக் குழாய் சுமார் ஒரு சென்டிமீட்டர் தடிமன்தான். அது போவது உணவு போகும் பாதையில். காற்று போகும் பாதை தனி. உள்ளே குழாய் இருக்கும்போதே நீங்கள் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருப்பீர்கள். குமட்டும், கண்ணில் நீர் வரும், அதை இல்லையென்று சொல்லவில்லை. தொண்டையை மரக்கச் செய்யும் மருந்து அடிப்பார்கள். அதோடு தூக்க ஊசியும் வேண்டுமா என்பதைப் பேசி முடிவு செய்யலாம். பார்ப்பதற்கு மட்டும் என்றால் பெரும்பாலும் 5 முதல் 15 நிமிடத்தில் முடிந்துவிடும். தூக்க ஊசி போட்டால் உங்களோடு ஒருவர் வரவேண்டும், அன்று முழுவதும் வண்டி ஓட்டக்கூடாது. சதை எடுப்பது வலிக்காது. எடுத்தார்கள் என்றாலே புற்றுநோய் என்றும் நினைக்க வேண்டாம். வயிற்றுப்புண் கிருமியைத் தேடவும் எடுப்பார்கள். அந்தக் கிருமியால்தான் இரைப்பை புண்ணாகிறது என்று காட்ட, ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984-ல் அதைத் தானே குடித்துவிட்டு, பிறகு எண்டோஸ்கோபிக்குப் படுத்தார். 2005-ல், உடன் ஆய்வு செய்த ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார். நீங்கள் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை!

இனி, யாரிடம் போவது? எண்டோஸ்கோபி செய்யும் எல்லாரும் ஒரே துறையினர் அல்லர். நுரையீரல் குழாயைப் பார்ப்பவர் வேறு, சிறுநீர்ப்பையைப் பார்ப்பவர் வேறு, மூட்டுக்குள் பார்ப்பவர் வேறு. உங்களுக்கு வேண்டியவர் இரைப்பை, குடல் நோய்ச் சிறப்பு மருத்துவர். இதில் பயிற்சி பெற்ற அறுவைச் சிகிச்சை நிபுணர்களும் செய்கிறார்கள். பித்தநாளக் கல்லை எண்டோஸ்கோபி வழியாக எடுப்பதில் பேர்பெற்றவரைத் தேடிப்பிடித்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். உங்கள் பரிசோதனையை வாரம் தவறாமல் செய்கிறவர் போதும்.

கருவி புதியதா என்று நான் முதலில் கேட்க மாட்டேன். குழாயைக் கையில் எடுப்பதற்கு முன் அந்த மருத்துவர் உங்களிடம் பேசுகிறாரா என்று பார்ப்பேன். எந்த உணவு நிற்கிறது, தண்ணீரும் நிற்கிறதா, எத்தனை நாளாக, என்ன மாத்திரைகள் என்று கேட்பவர், எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து உள்ளே பார்ப்பார். தேதியையும் கட்டணத்தையும் மட்டும் சொல்லி அனுப்பும் இடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. சுருக்கம் இருந்தால் அங்கேயே விரிக்க வசதி உண்டா, தூக்க ஊசி போட்டபின் நாடித்துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் கவனிக்கத் தனியாக ஆள் உண்டா, ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் குழாயை எப்படிக் கிருமி நீக்குகிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரை விட்டுவிடலாம். ஸ்டென்ட் இருப்பதால், இதய மருத்துவர் கூப்பிடு தூரத்தில் உள்ள மருத்துவமனையே உங்களுக்கு ஏற்றது.

ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஸ்டென்டில் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. உள்ளே பார்த்துச் சதை எடுப்பதற்கு மட்டும் என்றால் பெரும்பாலும் நிறுத்தாமலே செய்வார்கள். விரிப்பதானால் இரண்டு மருத்துவர்களும் கலந்து பேசிச் சொல்லட்டும். நெஞ்செரிச்சல் மாத்திரையை முன்கூட்டியே விடவேண்டுமா என்றும் கேளுங்கள். அது கிருமிப் பரிசோதனையின் முடிவை மாற்றிவிடக்கூடும். பொதுவாக 6 முதல் 8 மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். உணவு நிற்கிறது என்பதைச் சொன்னால் உங்களுக்கு அதைக் கூட்டவும் செய்யலாம்.

முடிந்ததும் அறிக்கையையும் படங்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். சதைப் பரிசோதனை முடிவு வர இன்னும் சில நாள் ஆகும். அதை யார் உங்களுக்கு விளக்குவார்கள் என்று அன்றே கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் கடுமையான நெஞ்சுவலி, காய்ச்சல், ரத்த வாந்தி என்று எது வந்தாலும் உடனே திரும்பிப் போங்கள். மிக அரிதாக உணவுக்குழாய்ச் சுவரிலோ இரைப்பைச் சுவரிலோ ஓட்டை விழுவதுண்டு.

படியேறும்போது அந்த எரிச்சல் கூடி, உட்கார்ந்தால் குறைகிறதென்றால், முதலில் போகவேண்டியது இதய மருத்துவரிடம். குறித்த தேதிக்கு முன்பே உணவு அடைத்து எச்சில்கூட இறங்காமல் போனால், தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காமல் நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.